இரண்டு பத்து

ஊத்துக்குளி ஆர்.எஸ்.ஸில்
புண்ணாக்குக் கடைக்கு மேல் மாடி.
ஏ.சி. சொட்டுகிறது, அடியில் பெயின்ட் வாளி.
இருபத்துநாலு போர்ட் சுவிட்ச்:
ஏழாவதில் வேலாத்தாள் நிட்ஸ்,
பதினொன்றில் வேலாத்தாள் அப்பேரல்ஸ்.

பாகம் பிரித்தபோது
நூல் கிடங்கு, சாயப்பட்டறை, காலேஜ் ரோட்டு இடம்
எல்லாவற்றையும் அளந்து வெட்டிக்கொண்ட பங்காளிகள்
பெயரை மட்டும் வெட்டவில்லை.
வி-லேன் நம்பர்களையும்.
பத்து என்றால் கணக்கு, இருபது என்றால் கேமரா,
அங்கேயும் அதே, இங்கேயும் அதே.
பிரிண்டர்கூட இரண்டிடத்திலும் இருபத்தைந்தாம் முகவரியில்.

திருப்பூரிலிருந்து பெருந்துறைக்கு
எங்களிடம் இருப்பது ஒரே ஃபைபர்.
"எங்க பத்த மாத்தச் சொல்லாதீங்" என்று
இருவரும் தனித்தனியே சொல்லிவிட்டார்கள்,
ஒரே தொண்டையில்.

மாற்ற வேண்டாம்.
பனியன் பேலை லாரி ஆபீஸில் போட்டால்
கம்பெனி மார்க்கை யாரும் அழிப்பதில்லை.
மேலே ஒரு கோணி, கோணியில் லாரிக்காரன் மார்க்,
இறங்குமிடத்தில் தையல் பிரித்தால்
உள்ளே போட்டது போட்டபடி.
ஏழைச் சுரங்கமாக்கினேன், வெளி நம்பர் முந்நூற்றொன்று.
உள்ளிருக்கும் பத்தை நான் பார்ப்பதில்லை.

பிங் போனது. மறுமுனையில் கலாமணி "வருதுங்க" என்றார்.
பில் போகவில்லை.
"சௌக்கியமா" போகிறது,
விஷயம் போகவில்லை.
கோணிக்கும் கனம் உண்டு: நாலு பைட்.
ஆயிரத்தைந்நூறாக இருந்த வாசலை
ஆயிரத்தைந்நூற்று நாலாக்கி
சுவிட்சை அணைத்து எழுப்புவதற்குள்
ஈரோட்டுப் பக்கம் போகும் கூட்ஸ் ஒன்று முழுதாய்க் கடந்தது.

மணி இரண்டு பத்து.
பதினொன்றாம் போர்ட்டில்
மேலம்பை அழுத்தி, பழைய வரியையே கூப்பிட்டு,
கடைசி இலக்கத்தைத் திருத்தாமல்
என்டர் தட்டினேன்.

"பிரிண்டர் தானா ஓடுதுங்க" என்றார் கலாமணி.
அவர் நிற்பது நிட்ஸின் சாயப்பட்டறையில்.
பின்னால் வாட்ச்மேன் குரல், எழுத்துக்கூட்டி:
"பீஸு ஒன்னு எம்பத்தேழுன்னு போட்டிருக்குங்.
மேல வேலாத்தாள்னுதானுங் இருக்குது.
நம்முளுதுதானுங்களே?"

ஒரே பையர். ஒரே குழந்தைச் சட்டை.
வெள்ளிக்கிழமை இருவரும் விலை சொல்லவேண்டும்,
திருப்பூரில் டீக்கடைக்கும் தெரியும்.

முந்நூற்றிரண்டு.
ஒருதரம் வாய்விட்டுப் படித்தேன்,
ஏழுக்கு ஒன்று, பதினொன்றுக்கு இரண்டு.
சேமித்தேன்.
லாக்கில் நாற்பத்திரண்டு விநாடி சிவப்பாய்க் கிடந்தது.
கலாமணி பேசவில்லை.
போனிலேயே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தத் தாளை
எழுத்து உள்பக்கமா மடிச்சு
உங்க பையில போட்டுக்கங்க.
அப்புறம் டெஸ்ட் பேஜ் ஒன்னு அடிச்சு
அவருகிட்டக் குடுங்க."