இடைவெளிச் சான்று

பெயர், கருணாம்பிகை.
அது சுலபமாக ஏறிவிட்டது.
தகப்பனார் பெயர், சாதி, பின்கோடு,
பி.ஏ. வரலாறு, தொலைதூரக் கல்வி, தேறிய ஆண்டு
ஒவ்வொன்றாய்க் கேட்டு அடித்துக்கொண்டு வந்தவன்
பன்னிரண்டாவது கட்டத்தில் விரலை நிறுத்தினான்.
'படிப்பு முடிச்சுப் பதினோரு வருசம் ஆயிருக்குதுங்களே அக்கா,
லா காலேஜுக்கு இதுக்கொரு அபிடவிட் வேணுமுங்க.
நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள ஏத்தோணும்.'

பெருமாநல்லூர் நால்ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
நோட்டரி சென்னியப்பன்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
கழற்ற வேண்டியதில்லையாம்;
இறங்கும்போதுதான் பார்த்தேன்,
படியடியில் என்னுடையது மட்டும் கிடந்தது.

மனப்பாடமாய்ச் சொன்னார், டைப்பிஸ்ட் அடித்தாள்:
மேற்படி காலத்தில் நான்
எந்தக் கல்வி நிறுவனத்திலும் பயிலவில்லை,
எந்த வேலையிலும் இருக்கவில்லை,
வீட்டில் சும்மா இருந்தேன் என
உண்மையாகவும் உளமாரவும்

'சும்மா இல்லைங்க' என்றேன்.
'செக்கிங்குங்க. பனியன் கம்பெனி.'
'பி.எஃப். இருக்குதா?'
இல்லைங்க.
'ஈ.எஸ்.ஐ. கார்டு?'
இருந்துதுங்க, பூங்கொடிங்கற பேருல.
அவ நின்னு போன பொறகு அந்தப் பேருக்கு நானு.
'சம்பளச் சீட்டு?'
சனிக்கிழமை கவருங்க. மேல பென்சில்ல எழுதியிருக்கும்.
எண்ணிப் பாத்துட்டுக் கவரைத் திருப்பிக் குடுத்துரோணும்.

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'அப்பச் சும்மாதானம்மா இருந்திருக்கறே.'
கோபமில்லை அவருக்கு.
எப்படியாவது சேர்ந்துவிடட்டும் இவள் என்றுதான்.

பதினோரு வருசம்.
கழுத்துப் பட்டியில் எண்ணெய்க்கறை, பொத்தல்,
தையல் தாவிய இடம்.
எங்கோ பனி விழும் ஊரில் ஒரு குழந்தையின் அக்குளில்
பிசிறு நூல் உறுத்தாமல் பார்த்துக்கொண்டேன்.
ஆய்வாளர் வருகிறார் என்றால்
எங்கள் ஒன்பது பேரையும் பின்கேட் வழியாய் அனுப்பிவிடுவார்கள்.
காம்பவுண்டை ஒட்டி ஒரு ஊஞ்சமரம்.
அதன் கீழே வேஸ்ட் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருப்போம்.
கட்டிங் மாஸ்டர் விசிலடித்தால் உள்ளே வரலாம்.
சட்டம் முன்வாசலில் வந்து டீ குடித்துப் போகும்வரை
நான் எப்போதும் பின்னால்தான் இருந்திருக்கிறேன்.
ஒரு தடவை மழை.
அந்த ஒரு மணி நேரத்துக்கும் கூலி பிடித்தார்கள்.

'மாத்தி அடிச்சா ஆதாரம் கேப்பாங்க.
இல்லீன்னா தள்ளிருவாங்க. உம்பட இஷ்டம்.'
டைப்பிஸ்ட் விரல்களைத் தூக்கிக் காத்திருந்தாள்.
கீழே குன்னத்தூர் வண்டி ஆரனடித்தது.

போட்டேன் கையெழுத்து.
இருபது ரூபாய்த் தாள், முந்நூறு ரூபாய் ஃபீஸ்.
சட்டத்துக்கு நான் எழுதிக்கொடுத்த முதல் வாக்கியம்
பொய்.
அதன்மேல் வட்டமாய், சிவப்பாய், ஈரம் காயாமல்
ஒரு முத்திரை.

ஸ்கேன் செய்தால் ஏறவில்லை, கே.பி. அதிகமாம்.
பையன் சுருக்கினான், மறுபடி சுருக்கினான்.
எழுத்தெல்லாம் கலைந்த எறும்பாய் ஆனபிறகுதான்
ஏற்றுக்கொண்டது.
'யாரும் படிக்கமாட்டாங்கக்கா' என்றான், ஆறுதலாக.

காலையில் லைன் சூப்பர்வைசர் சண்முகவடிவு
நேற்று மத்தியானம் எங்கே என்றாள்.
ஒரு சோலியுங்க.
அரைநாள் பிடித்தம் என்றாள்.
சரிங்க, எழுதிக் குடுங்க என்றேன்.

அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை போல.
பேனாவைத் தேடினாள், சுற்றிலும் பார்த்தாள்,
இல்லை என்றாள்.
டிபன் பையிலிருந்து நோட்டை எடுத்து நானே எழுதினேன்:
செவ்வாய். அரைநாள். ரூபாய் இருநூற்று முப்பது.
கீழே கருணாம்பிகை என்று போட்டு
நோட்டையும் பேனாவையும்
அவள் பக்கம் நகர்த்தினேன்.