அழிக்க வேண்டாம்

வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு
வந்தது கடிதம்.
அலுவலகம் ஐந்துக்குப் பூட்டிவிடும்.
கேள்வி கேட்கக்
கால் மணி நேரம் கொடுத்திருந்தார்கள்.

"மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்" என்று தொடங்கி
மூன்றாம் பத்தியில்தான்
கை விட்டார்கள்:
ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து
பல், கண், மனம்
மூன்றும் உடம்பில் சேர்த்தி இல்லை.
மீதி உடம்புக்குப்
பாதிப் பணம் நாங்கள் கட்ட வேண்டும்.

காப்பீடு என்ற சொல்லை
அன்றிரவு இரண்டாக உடைத்துப் பார்த்தேன்.
காப்பு போயிற்று.
ஈடு மட்டும் கையில் நின்றது,
எதற்கு ஈடு என்று சொல்லாமல்.

சோளக் கொல்லைகளுக்கு நடுவே இந்த ஊர்.
தானியக் கிடங்கையும் கால்பந்து அரங்கையும் விட்டால்
நிமிர்ந்து பார்க்க ஒன்றுமில்லை.
நாங்கள் கூடியது தரைக்கும் கீழே,
வேதியியல் கட்டடத்து நிலவறையில்.
நாற்காலி முப்பது.
வந்தவர்கள் தொண்ணூறு.
யாரோ வாங்கி வந்த பீட்சா
ஆறு பேருக்குக் காணும்.

வின்னி ஸ்ட்ரோபெல் ஒலியியல் படிக்கிறாள்.
எந்த ஒலிக்கு நாக்கு பல்லை எங்கே தொடும் என்று
முதலாண்டுப் பிள்ளைகளுக்கு
வாய் திறந்து காட்டுவது அவள் வேலை.
முன்பல்லில் விரிசல்.
பல் போனால் சொல் போகும் என்று
எங்கள் பழமொழியை அவளுக்குப் பெயர்த்துச் சொன்னேன்.
சிரிக்கவில்லை.
"எனக்குச் சம்பளமும் போகும்" என்றாள்.

கணிதத் துறை ஆன்செல்ம்
வதந்தி கிளம்பிய நாளிலிருந்தே
இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து
ஏற்றிக்கொள்கிறான்.
ஒத்திகையாம்.

நாரினேவுக்கு
ஆகஸ்ட் ஒன்பது என்று நாள் குறித்திருக்கிறார்கள்.
"பத்து நாள் முன்னதாக வரச் சொல்லிக்
குழந்தைக்கு மனுப் போட
எந்தப் படிவம்?" என்று கேட்டாள்.
அதற்கும் யாரோ ஒருவன்
இணையத்தில் தேடத் தொடங்கினான், பாவம்.

"நீங்கள் மாணவர்கள். தொழிலாளர்கள் அல்ல"
என்று எழுதியிருந்தார் முதல்வர்.
நூற்று நாற்பது விடைத்தாள்
விடிய விடியத் திருத்தும்போது எங்களுக்கு என்ன பெயர்?
ஞாயிற்றுக்கிழமையும் பனியில் நடந்துபோய்
ஆய்வக எலிகளுக்குத் தீனி வைக்கும்போது?
அந்த எலிகளுக்கு
ஒரு மருத்துவர் உண்டு.
வாரம் இரண்டு முறை வருகிறார்.

பெயர் வேண்டாம், தொகை மட்டும் என்றோம்.
மாதாமாதம் மருந்துக்கு எவ்வளவு,
ஒவ்வொருவராக எழுந்து
கரும்பலகையில் எழுதினார்கள்.
சிலர் எழுதும்போது
உடம்பால் மறைத்துக்கொண்டார்கள்.
நான் புள்ளியியல்காரன்; கூட்டினேன்.
பதினோராயிரத்து நானூற்று முப்பது டாலர்.
அடியில் இரண்டு கோடு இழுத்தேன்,
ஏதோ முடித்துவிட்டவன் போல.

பதினொரு மணிக்கு
வாளியோடு வந்தாள் டார்லா ஹாஷெக்.
ஈரத்துணியைப் பலகை வரை கொண்டுபோய்
நிறுத்தினாள்.
கீழிருந்து மேலாகப் படித்தாள்.
"இதெல்லாம் மாதத்துக்கா?"
சாக்குக்கட்டியைக் கேட்டு வாங்கி
என் இரண்டு கோடுகளுக்கும் கீழே
412 என்று எழுதினாள்.

துப்புரவைக் குத்தகைக்கு விட்டு
ஆறு வருடம் ஆகிறதாம்.
அன்று போனது அவர்களுக்கு,
பல்லும் கண்ணும் மட்டுமல்ல, எல்லாமே.
"அப்போதும் இந்த அறை
இங்கேதான் இருந்தது" என்றாள்.
கோபமாகச் சொல்லியிருந்தால்
பதில் சொல்லியிருப்போம்.

அவளும் கூட்டுகிறாள், நானும் கூட்டுகிறேன்.
என் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
நாலு வருடமாக அவள் கூட்டிய தரையில் உட்கார்ந்து
அவளைச் சேர்க்காமல்
கூட்டியிருக்கிறேன்.

சட்டைக் கையால் மொத்தத்தைத் துடைத்துவிட்டு
மேலிருந்து மறுபடி தொடங்கினேன்.
போகும்போது அவள்
பலகையின் மூலையில் பெரிதாக எழுதினாள்:
அழிக்க வேண்டாம்.
அழிப்பவளின் கையெழுத்து.

திங்கள் காலை அங்கே
எட்டு மணி வகுப்பு.
பேராசிரியர் பலகையை வெகுநேரம் பார்த்தாராம்.
பிறகு ஓரத்தில் மிஞ்சியிருந்த
ஒரு சாண் இடத்தில்,
எழுத்தைப் பொடியாக்கிப்
பாடம் நடத்தினாராம்.