ஒரு சுற்றுக்கு எவ்வளவு

செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில்
வாடகைக்கு எடுத்த வில் தராசு.
ஒரு கொக்கி விமானத்தின் வாலில்,
மறு கொக்கி எங்கோ பழுதாகி இங்கே கிடக்கும் லாரியில்.
கருப்பூர்க் கட்டாந்தரை. விடிய அரை மணி இருக்கிறது.
இழுக்கட்டும், பார்க்கலாம் என்றாள் ரெஜினா.

முதல் ப்ரொபெல்லர் அறுபதுக்கு முப்பத்திரண்டு.
அறுபது, நுனிக்கு நுனி அங்குலம்.
முப்பத்திரண்டு, ஒரு சுற்றில்
அது முன்னேறியிருக்க வேண்டிய தூரம்,
காற்று தேக்கு மரமாகவும்
இது அதில் இறங்கும் திருகாணியாகவும் இருந்தால்.
காற்று மரமில்லை. வழுக்கும்.
வழுக்கியது போக மிச்சம்தான் பயணம்.

பழைய கார் எஞ்சின்.
மூவாயிரம் சுற்றில்தான் அதற்கு உயிர் வரும்.
இரண்டாயிரத்து நானூறிலேயே முனகி நின்றது.
"மூணாவது கியர்ல கொண்டை ஊசி ஏத்துறீங்க."
ஏற்காடு பஸ்களுக்கு கிளட்ச் தட்டு மாற்றுகிறவள்,
முனகலைக் கேட்டே எத்தனையாவது வளைவென்று சொல்வாள்.

ஆத்திரத்தில் நுனிகளை அறுத்தேன்,
பக்கத்துக்கு ஓர் அங்குலம்.
சுற்று இருநூறு ஏறியது.
தராசு முள் பழைய இடத்திலேயே, நூற்றுப் பதினான்கில்.
அறுபட்ட இரண்டு துண்டுகளையும்
ரெஜினா எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

அடுத்தது அறுபதுக்கு இருபத்திரண்டு.
ஊளையிட்டது. முள் துள்ளி நூற்று முப்பதைத் தாண்டியது.
நான் கை தட்டப் போனேன்.
"நிக்கிறப்பவே இந்த ஓட்டம்.
பறந்தா தறிகெட்டுப் போகும்,
நுனி போய் சத்தத்தோட வேகத்தை எட்டிப் பார்க்கும்.
இது முதல் கியர். மலை ஏறும்,
ஆத்தூர் போய்ச் சேராது."

மலை ஏறினால் போதும் எனக்கு.
சேர்வராயன் முகட்டை ஒருமுறை
மேலிருந்து பார்த்துவிட்டால் போதும்.
அவளுக்கு அப்படியில்லை.
"மலையைத் தினம் பார்க்கிறேன், டீசல் வாசனையோட.
எனக்குத் தூரம் வேணும்."
ஒரே மரத்துண்டில் இரண்டையும் செதுக்க முடியாது.
எட்டு நாள் நாங்கள் பேசிக்கொண்டது
அங்குலங்களில் மட்டும்.

ஐம்பத்தெட்டுக்கு இருபத்தேழு.
டயர் காற்றிறங்கிப் போனாலும்
நுனிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் மிஞ்சும்.
அவள் கேட்டதைவிடக் குறைவு,
நான் கேட்டதைவிட அதிகம்.

மூட்டினேன்.
வெள்ளைக்கல் சுரங்கத்துத் தூசி
இரவெல்லாம் படிந்திருந்தது, எழுந்தது,
சுழலும் வட்டத்துக்குள் போய்
மறுபுறம் வெள்ளைத் திருகாக வந்தது.
இரண்டு விநாடி. அவ்வளவுதான்.
காற்றில் மரையை அப்போதுதான் பார்த்தேன்.
தள்ளி நின்ற ரெஜினா
அளவு டேப்பை நீட்டிப் பிடித்தாள்,
கலைவதற்குள் அளந்துவிடுகிறவள் மாதிரி.

சுற்று இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது.
முள்ளைப் படிக்கத் திரும்பினோம்.
நூற்று இருபத்தாறில் இருந்து
மெல்லத் தளர்ந்துகொண்டிருந்தது.
ஏனென்று புரியச் சற்று நேரமானது.
பழுதான லாரி எங்களை நோக்கி
ஒரு முழம் நகர்ந்து வந்திருந்தது.
கை பிரேக்கை யாரும் பார்க்கவில்லை.