ஏழு புள்ளி மூன்று

தாட்டா ஆற்றுக்கு இக்கரையில்
மரக்கால்கள்மேல் நிற்கிறது வீடு.
அடியில் தவழ்ந்துபோகத்தான் இடம்.
நான், ஒரு கைவிளக்கு,
கோட்டுக்குள்ளே அக்குளில் ஒரு பேட்டரி.
சைபீரியக் குளிரில் ஐந்து நிமிடம் தாங்காது அது.
காலையிலிருந்து அடைகாத்துக்கொண்டிருக்கிறேன்.

தலைக்கு மேலே பலகைத் தரையில்
நாற்காலி இழுபடும் சத்தம்.
எர்ஹான் கவ்ரில்யெவ்.
வண்டியிலிருந்து நான் இறங்கும்போதே கேட்டுவிட்டார்:
"நிற்குமா, நிற்காதா?"
நிற்பதை அளக்கும் கருவி
எங்கள் அலுவலகத்தில் இல்லை.
இருப்பது செங்கல் அளவில் ஒரு மீட்டர்,
அதன் வாலில்
என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீண்ட ஊசி.

துளை போட்டு, பசை தடவி,
ஊசியைச் சொருகியபின் சும்மா இருக்கவேண்டும்.
இதுதான் வேலையிலேயே கஷ்டமானது.
மண்ணும் ஊசியும் ஒரே குளிருக்கு வரும்வரை
தொடக்கூடாது,
அந்தப் பக்கம் மூச்சு விடக்கூடாது.
வெளியே ஸ்தெப்பான் இன்ஜினை அணைக்காமல்
ரேடியோ கேட்கிறான்.
கத்தினேன். அணைத்தான்.

பிறகு ஊசி துளியளவு சூடு கொடுக்கும்,
ஒரு நிமிடம்.
அதை மண் எத்தனை வேகமாய்
அப்பால் கடத்துகிறது என்று பார்த்திருக்கும்.
அவ்வளவுதான் விஷயம்.
கடன் கொடுத்தால்தானே ஆள் தெரியும்.

முதலில் பாசி.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு.
கொடுத்ததைக் கையைவிட்டு நகரவிடாத கருமி.
கோடையெல்லாம் வெயில் வந்து தட்டினாலும்
கீழே தூங்கும் பனிக்குச் சேதி சொல்வதில்லை.
வடக்கு மூலையில், ஒரு மீட்டர் ஆழத்தில்
ஒன்று புள்ளி ஒன்பது.
நல்ல உறைமண். கல்லைப்போல நம்பலாம்.

தெற்கு மூலையில்
கராஜ் கட்ட வேண்டி இரண்டு கோடைக்கு முன்
பாசியைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.
அங்கே ஏழு புள்ளி மூன்று.

சுத்தப் பனிக்கட்டியே இரண்டேகாலைத் தாண்டாது.
ஏழு என்றால் வீட்டுக்கு அடியில்
முழுதாய் ஒரு குவார்ட்ஸ் பாறை இருக்கவேண்டும்.
ஊசியைத் துடைத்தேன்.
பக்கத்தில் புதிதாய்த் துளை, புதிதாய்ப் பசை,
மறுபடி இருபது நிமிடம்
மல்லாந்து கிடந்து
பலகை இடுக்கில் தொங்கும் வெண்பனியை எண்ணினேன்.
இந்த முறை பதினொன்று.

அப்புறம்தான் வெப்பநிலையைப் பார்த்தேன்.
மைனஸ் பூஜ்யம் புள்ளி இரண்டு.

சூடு எங்கும் போகவில்லை.
ஊசியடியிலேயே செலவழிந்திருக்கிறது,
மயிரிழைப் பனியைத் தண்ணீராக்கி.
மீட்டருக்கு அது தெரியாது.
கொடுத்தது திரும்பக் காணோமென்றால்
மண் மகா வள்ளல் என்று எழுதிக்கொள்ளும்.

கையேட்டின் பதினாறாம் பக்கத்தில் இருக்கிறது:
உறைநிலையை ஒட்டி அளக்கவேண்டாம், எண் பிழைபடும்.
எனக்குச் சொல்லிவிட்டார்கள்.
அதை ஒட்டியே
அடுப்பெரித்து, உருளைக்கிழங்கு சேர்த்துவைத்து,
இரண்டு பிள்ளைகளைத் தூங்கவைக்கும் வீட்டுக்கு
யாரும் சொல்லவில்லை.

மேலே துயாரா பால்விட்ட தேநீர் தந்தாள்.
என் கோட்டிலிருந்து மண் உதிர்ந்தது
அவளுடைய துடைத்த தரையில்.
மன்னிப்புக் கேட்டேன். சிரித்தாள்.
படிவத்தில் மூன்றாம் கட்டம்.
யாகூத்ஸ்கில் இதைப் பார்ப்பவர்
பொருந்தாத எண் என்று
ஒரு கோட்டில் அடித்துவிடுவார், அது அவர் பழக்கம்.
பேனாவால் அழுத்தி எழுதினேன்: 7.3. கீழே 11.
குறிப்பில்: பிழைதான். அழிக்கவேண்டாம்.

"நிற்குமா?" என்றார் எர்ஹான்.
"தெற்கு மூலையில் என்ன வைத்திருக்கிறீர்கள்?"
"ஃப்ரீசர். ஒரு குதிரையின் பாதி இறைச்சி அதில்."
நான் தேநீரைக் குடித்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்,
பிறகு அந்த மூலையை.

பேட்டரியை மறுபடி அக்குளில் செருகிக்கொண்டு
வண்டியில் ஏறினேன்.
ஸ்தெப்பான் சாவியைத் திருப்புமுன்
வீட்டுக்குள்ளிருந்து
கனமான எதையோ இழுக்கும் சத்தம்.
நாற்காலி இல்லை.