வசனத்தைத் திருத்துக

பலாலி வீதியில், கம்பஸ் வாசலுக்கு இரண்டு கடை தள்ளி
போட்டோக்கொப்பி எடுக்கிறேன்.
மெஷின் சூடேறும் நேரத்தில்
பழைய வினாத்தாள் மடியில் விரியும்.
பகுதி மூன்று. வசனத்தைத் திருத்துக.

'குருநகர் மீன் கொழும்பைவிட மலிவு.'
முதல் தடவை சரியென்றுதான் போட்டேன்.
எல்லாரும் அப்படித்தானே கதைக்கிறோம்.
விடையைப் பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டது:
தராசின் ஒரு தட்டில் ஒற்றைக் கும்பளா,
மற்றத் தட்டில்
காலிமுகத்திடலும் கோட்டை ஸ்ரேஷனும் சேர்த்து
முழுக் கொழும்பு.
மீனை மீனோடு நிறு என்கிறது விடைத்தாள்.
கொழும்பு மீனைவிட.
ஒரு சொல்லுக்கு இரண்டு புள்ளி போச்சு.

அன்றோடு என் காது பழுது.
'எங்கட கடை பக்கத்துக் கடைக்காரனைவிடத் திறம்'
என்று செபமாலை அண்ணை சொன்னால்
கடையை ஆளோடு ஒப்பிடலாமோ என்று
கை பென்சிலைத் தேடுகிறது.
கொண்டக்டர் மிதிபலகையில் நின்று கத்துகிறார்:
'கோண்டாவில், உரும்பிராய், உள்ளுக்குப் போங்கோ!'
ஊர், ஊர், கட்டளை.
நான் மட்டும் சிரித்தேன்.
பக்கத்துச் சீற்றில் இருந்த மனிசி தள்ளி இருந்தா.

இன்று மத்தியானம் மன்னாரிலிருந்து நிமலரூபன்:
'நீ என்னைவிட அந்தச் சோதினையைத்தான் விரும்புறாய்.'

இருபதாம் கேள்வி மாதிரி அதை வாசித்தேன்.
(அ) நீ என்னை விரும்புவதைவிட.
(ஆ) நான் அதை விரும்புவதைவிட.
அ என்றால் சண்டை.
ஆ என்றால், அவனுக்கும் சோதினையில் கொஞ்சம் ஆசை,
எனக்கு ஒரு பிடி கூட, அவ்வளவுதான்.
ஒரே படலை, இரண்டு வளவுக்குத் திறக்கிறது.
எந்த வளவில் நாய் நிற்கிறது என்று
படலை சொல்லாது.

பிறகு அந்த 'விட'வையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சேர்த்து எழுதினால் ஒப்பீடு.
நடுவில் ஒரு வெளி விழுந்தால்
என்னை விட,
கைவிடுகிற வேலை.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
அவன் வெளி விடவில்லை.
ஆனால் அவன் எதற்குமே வெளி விடுவதில்லை,
மாதச் சம்பளக் கணக்கைக்கூட
ஒரே மூச்சில் தட்டுகிறவன்.

பதில் எழுதினேன்:
'எனக்கு விருப்பமானவை: விடிய வெள்ளன எழும்புறது,
கறண்ட் போக முதல் ஒரு பேப்பர் செய்து முடிக்கிறது,
நீ.'

எழுதின கையோடு தெரிந்தது.
தொழிற்பெயர், தொழிற்பெயர், பிறகு ஒரு ஆள்.
'உன்னோட கதைக்கிறது' என்று மாற்றினால்
மூன்றும் ஒரே அச்சில் அறுத்த கல்லாய் இருக்கும்,
முழுப் புள்ளி.
ஆனால் அவன் எழும்புறதும் இல்லை, முடிக்கிறதும் இல்லை.
கதைக்கிறது அவனில் ஒரு பங்கு,
அதுவும் ஞாயிற்றுக்கிழமைப் பங்கு.

'அக்கா, நூற்றிப் பன்னிரண்டு பக்கம்,
ரெண்டு பக்கமும் அடிச்சு, கெதியா!'
ஒரு பொடியன் கட்டைத் தூக்கி மேசையில் போட்டான்.
திருத்தாமலே அனுப்பினேன்.

நாற்பதாம் பக்கத்தில் திரும்பிப் பார்க்க
இரண்டு சரி விழுந்திருந்தது,
பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில், நீலமாய்.
வேறு ஒன்றும் இல்லை.
நாற்பத்தொன்றில் தாள் இறுகிவிட்டது.
மூடியைத் திறந்து, மெல்ல, கிழியாமல்
இழுத்துக்கொண்டிருக்கிறேன்.