சக்கரக் கணக்கு

உபதேசியார் யோபுவுக்குக் கனவில் கேட்டதாம்,
மேற்கே போ என்று.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
அன்றிரவு உப்பனாற்றில் தோணிகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்த சத்தம்தான்.

புதுச் சபையில் சேர்ந்த பிறகு
கிணற்றில் எங்கள் குடத்துக்குத் தண்ணீர் இல்லை,
மிஷன் கல்லறையில் எங்கள் செத்தவர்க்குக் குழி இல்லை.
மாசியில் கூரை எரிந்தது. யாரென்று கேட்கவில்லை.
பக்கத்து வீட்டுக்காரி என் ஆட்டுக்கல்லை மட்டும்
தெருவுக்கு உருட்டி வைத்திருந்தாள்.
முகத்தைக் காட்டவில்லை.

மாடு கிடையாது.
ஞானாதிக்கம் துறைமுகத்தில் மூட்டை இழுத்த
கைவண்டி இருந்தது.
அவர் மாட்டுக்குப் பதில் நின்றார், நான் பின்னால் தள்ளினேன்.
பதினோரு குடும்பம், ஏழு வண்டி.

கெடிலக் கரையோடு நடந்தோம்.
நாங்கள் விட்டு வந்த ஊருக்கு
ஆறு போய்க்கொண்டிருந்தது.
காலையில் நிழல் எங்களுக்கு முன்னே மேற்கே ஓடும்,
அதற்குத்தான் விசுவாசம் அதிகம்.
மதியம் சாய்ந்தால் பின்னால் விழுந்து
கடலைப் பார்த்து நீளும்,
என்னைப்போல.

நெல்லிக்குப்பத்தில் ஆட்டுக்கல்லை இறக்கிவிட்டோம்.

திருவதிகையில் சின்னவள் தெபோராளுக்கு வாந்தி.
பண்ருட்டிச் சந்தையில்
பலாச்சுளை ஒன்று கேட்டாள்.
காலணாதான். வாங்கியிருக்கலாம்.
வயிற்றுக்கு ஆகாது என்றேன்.

விடியுமுன் முடிந்துவிட்டது.

முந்திரிக் காட்டில் ராத்திரி முழுக்க நரிகள்.
அதனால் ஓரத்தில் வெட்டாமல்
நடுச்சாலையிலேயே குழி வெட்டினார்கள்.
செம்மண்ணை மூடி, மிதித்து,
தோண்டாமல் இறுகட்டும் என்று
ஏழு வண்டியையும் அதன்மேல் ஓட்டினார்கள்.
கடைசி வண்டி எங்களுடையது.
ஞானாதிக்கம் இழுத்தார். நான் தள்ளவில்லை.
தள்ளு என்று அவரும் சொல்லவில்லை.

வண்டி ஓடின மண்ணுக்கு அடையாளம் ஏது?
அவள் சிவப்புப் பாவாடையில் ஒரு கிழிசலை
வலது சக்கரத்தின் ஆரக்காலில் கட்டினேன்.
துணி மேலே வந்தால் ஒன்று.
பெரியவன் சீமோன் எண்ணினான், ஒன்பது வயது.
நூறு ஆனால் என் மடியில் ஒரு புளியங்கொட்டை.
ஜெபம் பண்ணு தம்பி என்றார் உபதேசியார்.
எண்ணிக்கொண்டிருக்கிறேன் ஐயா என்றான்.

உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால், அனல் மதியம்,
நடந்தபடியே தூங்கிவிட்டான்.
விழித்ததும் என் முகத்தைப் பார்த்துப் பயந்து
"முப்பது இருக்கும்மா" என்றான்.
முப்பது என்றே வைத்துக்கொண்டேன்.

கல்வராயன் மலை அடிவாரத்தில்
இதுதான் என்று உபதேசியார் கோலை ஊன்றியபோது
எல்லாரும் முழங்காலிட்டுப் பாடினார்கள்.
நான் மடியை அவிழ்த்துப் பார்த்தேன்.
இருநூற்று முப்பத்து நாலு கொட்டை,
மேலே பதினொரு சுற்று.
கடல் எவ்வளவு தூரம் என்று
மலைக்காரர்கள் கேட்டார்கள்.
தெரியாது என்றேன்.
என் கணக்கு கடலிலிருந்து தொடங்கவில்லை.

முதல் வருஷம் சோளத்தைக் கிளி தின்றது.
இரண்டாம் வருஷம் சோளமே இல்லை.
மூன்று குடும்பம் சொல்லாமல் கிழக்கே திரும்பிவிட்டது.
காட்டுக் கிழங்கும் தீர்ந்த ஒரு புரட்டாசி ராத்திரி
துணிமுடிச்சை நானே அவிழ்த்தேன்.
ஞானாதிக்கம் அடுப்புப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.
வறுத்து, தோல் உரித்து,
மூன்று பங்கு வைத்தேன்.

சீமோன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டான்.
பசியில் கை நடுங்கிற்று, ஆனாலும் அள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை.
ஒன்றை எடுத்து வாயில் வைத்து
நூறு என்றான்.
அடுத்ததை எடுத்து
இருநூறு.