வாடகை

மண்டபத்தில் பஸ் ஏறும்போதே தகராறு.
ஐஸ் பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்து
"மீனா?" என்றார் கண்டக்டர்.
"மீனில்லை. பஞ்சு."
"பஞ்சுக்கு எதுக்கும்மா ஐஸு?"
வனத்துறை அனுமதிக் கடிதத்தை நீட்டினேன்.
முழுக்கப் படித்துவிட்டு
லக்கேஜ் போட்டார்.

நைனா முகமது மூழ்கி எடுத்துத் தந்த கடற்பஞ்சு.
செங்கல் நிறம். உள்ளங்கை அகலம்.
பல் இல்லை, ஓடு இல்லை,
ஓடித் தப்பக் கால் இல்லை.
ஆனாலும்
"தின்ன வர்ற மீனு மோந்துட்டுத் திரும்பிரும்" என்றார்
தொட்ட கையைச் சொறிந்துகொண்டே.

அந்தக் கசப்பு அதனுடையதல்ல என்பது என் ஊகம்.
அதன் உடம்பில் கிட்டத்தட்டப் பாதி
குடியிருப்பவர்கள்.
கண்ணுக்குத் தெரியாத சனம்.
அவர்கள் தரும் வாடகை
வீட்டுக்காரிக்கு வருகிற பகையை
வாசலிலேயே கொல்லும் மருந்து.

நாகமலைக்கு எதிரே எங்கள் ஆய்வகம்.
கடல் நூற்றைம்பது கிலோமீட்டர்.
வடித்த நீரில் தூத்துக்குடி உப்பைக் கரைத்து
இதுதான் கடல் என்று
தட்டுத் தட்டாகப் பொய் சொன்னேன்.
நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் நம்பவில்லை.
மூன்றாம் வாரம்
கடுகளவு, மஞ்சளாக
ஒருத்தி நம்பினாள்.

அவளைச் சுற்றி ஒரு வளையம்.
மாசி வீதியில் தேருக்கு ஒதுங்கும் கூட்டம்போல
மற்ற கிருமிகள் விலகி நின்றன
என்று நோட்டில் எழுதி, அடித்தேன்.
விலகவில்லை. செத்திருந்தன.
ஸ்கேல் வைத்து அளந்தேன்.
பதினோரு மில்லிமீட்டர்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன்.

அன்று ராத்திரி ஒத்தக்கடை வரை
பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்,
உட்கார இடம் இருந்தும்.

பிறகு அவள் நிறுத்திக்கொண்டாள்.
புதுத் தட்டுக்கு மாற்ற மாற்ற
வளையம் ஒன்பதாயிற்று, நாலாயிற்று,
ஆறாவது மாற்றத்தில் ஒன்றுமில்லை.
வேளைக்குச் சோறு, அளவான சூடு,
கரண்ட் போனால் ஜெனரேட்டர்.
வீட்டுக்காரி இல்லை, வாடகை இல்லை,
வாசலில் எவனும் வந்து நிற்கவில்லை.
யாரைக் கொல்லக் காய்ச்சுவாள்?

"முதல் அளவை வச்சு பேப்பர் எழுதிரு" என்றார் கைடு.
கெட்டவர் இல்லை. அவருக்கும் மார்ச் மாதம் உண்டு.

பெரியாஸ்பத்திரியிலிருந்து
புண்ணில் தொட்ட பஞ்சுக்குச்சிகள் எங்களுக்கு வரும்.
எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது.
நாற்பத்தொன்றில் இருந்தது
எட்டு மருந்துக்கும் அசையாத கிருமி.
குழாயில் ஒட்டிய பிளாஸ்திரியில்
யாரோ மறதியாய் எழுதியிருந்தார்கள்:
ஒச்சாயி, செக்கானூரணி, இடது கால்.
நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன்.

மஞ்சள்காரியையும் அதையும்
ஒரே தட்டில் குடிவைத்தேன்.
செவ்வாய் வைத்தது.
வியாழன் காலை திறந்தால்
வளையம்.
ஏழுதான். ஆனால் வளையம்.
பகை வந்ததும் கைப்பக்குவம் ஞாபகம் வந்துவிட்டது.

இதைப் போய் மருந்து என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.
இங்கிருந்து ஒரு மாத்திரைக்கு
எலி, ஈரல், கிட்னி, கோடிகள், பத்து வருஷம்.
பாதி வழியில் செத்தவைதான் அதிகம்.

இருந்தாலும் திங்கட்கிழமை
வார்டுக்குப் போன் போட்டேன்.
நாற்பத்தொன்று டிஸ்சார்ஜ் என்றார்கள்.
"கால் எப்படி இருக்கு?"
காகிதம் புரளும் சத்தம்.
"எந்தக் காலு கேக்குறீங்க?"
என்றது அந்தப் பெண்குரல்,
கேலியாக இல்லை, நிஜமாகவே.

வைத்துவிட்டேன்.
தட்டு கழுவும் சத்தம் பக்கத்து அறையில்.

ஒச்சாயியின் காலைத் தின்றது
என்னிடம் உயிரோடு இருக்கிறது.
இன்றைக்கும் அதற்குச் சோறு வைக்க வேண்டும்.
அது செத்தால்
இவள் காய்ச்ச மாட்டாள்.